‘பரவாயில்லை மிஸ்ஸி’ என்று சொல்லாதீர்கள்

மருந்துச் சோதனைகளில் சேரும் புற்றுநோயாளிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. தாதியாகத் தொடங்கி, இப்போது சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் சோதனை ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய், சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தவர்கள்தான் என் நோயாளிகளில் பெரும்பாலோர். அவர்களில் வயதில் மூத்த தமிழர்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள். தாதியரை அப்படி அழைத்தே பழகிய தலைமுறை. வாந்தி எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘பரவாயில்லை மிஸ்ஸி’. தூக்கம் வருகிறதா? ‘பரவாயில்லை மிஸ்ஸி’. வாயில் புண் உண்டா? ‘இருக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் மிஸ்ஸி’.

தன் வலியைச் சொல்லி அடுத்தவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வளர்ந்தவர்கள் இவர்கள். அந்தக் குணத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் இடத்தில் அதே குணம் இன்னொருவரின் உயிருக்கு உலை வைத்துவிடும். அது எப்படி என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். லிம்ஃபோமாவில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படும் பெரிய பி-செல் வகைக்கு வழக்கமான முதல் சிகிச்சை ஆர்-சாப். ரிடுக்ஸிமாப் என்ற எதிர்ப்புப் புரதமும் புற்றணுக்களை அழிக்கும் மூன்று கீமோ மருந்துகளும் ஸ்டீராய்டும் சேர்ந்த கூட்டு அது. அந்த மூன்றில் ஒன்றான வின்கிரிஸ்டின், நாம் வாசலில் வளர்க்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்த மருந்து. பாதிக்கு மேற்பட்டோர் இந்த முதல் சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு நோய் அடங்க மறுக்கும், அல்லது அடங்கித் திரும்பும்.

திரும்பினால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விடை 1995-இல் வெளிவந்தது. பார்மா என்ற சோதனையில், நோய் திரும்பி, மறுபடியும் கீமோவுக்கு அடங்கிய 109 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதே கீமோ தொடர்ந்தது. இன்னொரு பிரிவுக்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்த அவர்களுடைய எலும்பு மஜ்ஜையைத் திருப்பிச் செலுத்தினார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் முதல் பிரிவில் 32 விழுக்காட்டினரும் இரண்டாவது பிரிவில் 53 விழுக்காட்டினரும் உயிரோடிருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். இன்றும் பலருக்கு அந்தச் சிகிச்சை கிடைப்பது அந்த 109 பேரால்தான்.

கீமோவுக்கு அடங்காதவர்களின் நிலைமை வேறு. 2017-இல் வெளியான ஸ்காலர்-1 என்ற ஆய்வு அத்தகைய 636 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. அடுத்த சிகிச்சையில் நோய் முழுமையாக மறைந்தது 7 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பாதிப் பேர் 6.3 மாதத்துக்குள் இறந்துபோயிருந்தார்கள். புதிய மருந்துகள் இந்த எண்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களான டி-செல்களை எடுத்து மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை இப்போது சிங்கப்பூரிலும் இருக்கிறது. அது வந்துவிட்டதால் கீமோவின் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். கார்-டி செல்களைச் செலுத்துவதற்கு முன் உடலைத் தயார்செய்வதே பெரும்பாலும் இரண்டு கீமோ மருந்துகள்தான். எல்லாருக்கும் கார்-டி பொருந்துவதும் இல்லை, பொருந்திய எல்லாருக்கும் நோய் போய்விடுவதும் இல்லை. ஆகவே புதிய மருந்துகளும் பழைய மருந்துகளின் புதிய கூட்டுகளும் இன்னும் சோதனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

அவுட்ரமில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிலையம், கென்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகம் போன்ற இடங்களில் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கும் சோதனைக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவும் தனியாக ஒப்ப வேண்டும். அவ்வளவும் ஆன பிறகுதான் நோயாளியின் கையில் ஒப்புதல் படிவம் வரும்.

முதல் கட்டச் சோதனையைப் பற்றித்தான் நம்மவர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ‘இந்த மருந்து நோயைக் குணமாக்குமா?’ என்பது அந்தக் கட்டத்தின் முதற்கேள்வி அன்று. ‘எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும்?’ என்பதே கேள்வி. பழைய, இன்னும் புழக்கத்தில் இருக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். முதல் மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவு கொடுப்பார்கள். முதல் சுற்று மருந்து முடியும்வரை மூவரில் எவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லை என்றால், அடுத்த மூன்று பேருக்கு அளவை ஒரு படி உயர்த்துவார்கள். ஒருவருக்கு வந்தால், அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அந்த அளவு அதிகம் என்று முடிவுகட்டி, ஒரு படி கீழே இறங்குவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்றே பேர். அவர்களில் ஒருவர் தனக்கு வந்த தொல்லையை ‘பரவாயில்லை’ என்று விழுங்கிவிட்டால், கணக்கில் அது பூஜ்யம். அடுத்து வரும் மூன்று பேருக்கு மருந்தின் அளவு கூடும். அவர்கள் யார் என்று இவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் இவரைத் தெரியாது.

நான் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சாப்பாட்டிலும் பேச்சிலும் தாராளம், தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். அவருக்குக் கொடுத்த மருந்து நரம்புகளைத் தாக்கக்கூடியது. முன்பே வின்கிரிஸ்டின் ஏறிய உடம்பு என்பதால் நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு வருகையிலும் விரல்கள் மரத்துப்போகிறதா என்று கேட்பேன். ‘லேசாக. பரவாயில்லை மிஸ்ஸி.’ நோயாளிகளுக்கு நாங்கள் ஒரு குறிப்பேடு கொடுப்போம். மாத்திரை சாப்பிட்ட நேரம், காய்ச்சல் அளவு, தொல்லைகள் எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும். இரண்டாவது சுற்றில் அவருடைய ஏட்டைப் புரட்டினேன். முதல் பக்கங்களில் 36.7, 36.5 என்று அச்சடித்ததுபோல் வரிசையாக நின்ற எண்கள், போகப் போகக் கட்டத்தைத் தாண்டிச் சாய்ந்திருந்தன. 6-இன் சுழி மூடவே இல்லை. கடைசிச் சில நாட்கள் வேறொருவர் கையெழுத்து. ஏடு எழுதியது யார் என்று அவரோடு வந்திருந்த அம்மாவைக் கேட்டேன். ‘நான்தான். பேனா பிடிக்க வரவில்லை என்கிறார். சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன்’ என்றார் அவர் மனைவி. பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவிளைவுகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்து எழுதும் ஒரு பொது அட்டவணை உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. ஐந்து என்றால் மரணம். லேசான மரத்துப்போதல் ஒன்று. சமையல், கடைக்குப் போவது போன்ற வேலைகள் தடைப்பட்டால் இரண்டு. சட்டை போட்டுக்கொள்வது, குளிப்பது போன்ற சொந்தக் காரியங்களுக்கே இன்னொருவர் வேண்டும் என்றால் மூன்று. அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில் பெரியவருடைய தரம் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போய்விட்டது. மருத்துவர் அன்றே மருந்தை நிறுத்திவைத்தார். அளவை உயர்த்தும் விதி முதல் சுற்றை மட்டும் பார்த்தாலும், கடைசியில் எந்த அளவைப் பரிந்துரைப்பது என்று முடிவுசெய்பவர்கள் பிற்பாடு வரும் தொல்லைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பெரியவருக்கு மனம் ஆறவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றார். நியாயமான பயம் அது. நிறுத்திவைத்துவிட்டு, விரல்கள் தேறியதும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்க வழியுண்டு என்பதையும், தேறாத நரம்பு அப்படியே நின்றுவிடக்கூடும் என்பதையும் அவரிடம் உட்கார்ந்து விளக்கினேன். பிறகு அவருக்குக் குறைந்த அளவில் தொடர்ந்தது.

காய்ச்சல் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. கீமோ ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் 38 டிகிரி காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? உடம்பு சுட்டால் முதலில் இரண்டு பனடால். அப்புறம்தான் வெப்பமானி. அது 37.2 காட்டும். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். தொற்று தூங்காது. முதலில் அளந்து பாருங்கள், எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், மாத்திரை பிறகு.

அடுத்தது பப்பாளி இலைச் சாறு. ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் குறைந்துவிட்டன என்று கேள்விப்பட்ட மறுநாளே தேக்கா சந்தையிலிருந்து இலை வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பிள்ளைகளும் மருமக்களும் அதிகாலையில் எழுந்து அரைத்து வடிகட்டிக் கொடுப்பதில் இருக்கும் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சோதனையில் நாங்கள் ஒவ்வொரு வாரமும் தட்டுகளை எண்ணுகிறோம், கல்லீரலின் நொதிகளை அளக்கிறோம். கணக்கில் ஏறாத ஒன்று உள்ளே போனால், ஏறியது எதனால், இறங்கியது எதனால் என்று எவராலும் சொல்ல முடியாது. கல்லீரல் நொதிகளின் அளவு கெட்டுப்போனால் பழி புதிய மருந்தின் மேல் விழும்; நல்ல மருந்தொன்றின் அளவு வீணாகக் குறைக்கப்படும். கஷாயம், நாட்டு மருந்துக் கடைப் பொடி, வைட்டமின், சீன மருந்து எதுவானாலும் சரி, புட்டியோடு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நான் திட்ட மாட்டேன். எழுதிக்கொள்வேன்.

எப்போதோ ஹெபடைட்டிஸ் பி வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இது திருமணப் பேச்சு அன்று. ரிடுக்ஸிமாப், கீமோ போன்ற சிகிச்சைகளில் உறங்கிக் கிடக்கும் அந்தக் கிருமி விழித்துக்கொண்டு கல்லீரலை அழிக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது.

நோயாளி எங்களிடம் மறைப்பது ஒரு பக்கம். குடும்பம் நோயாளியிடம் மறைப்பது இன்னொரு பக்கம். ‘அம்மாவிடம் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று சொல்லாதீர்கள், தாங்க மாட்டார். கட்டி என்று சொல்லுங்கள் போதும்’ என்று அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்ட மகன்கள் உண்டு, அண்ணிகள் உண்டு. வழக்கமான சிகிச்சையில் இப்படி மூடி மறைத்துக் காலம் தள்ளிவிடுகிறார்கள். சோதனையில் முடியாது. தெளிவாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவர் தாமே கேட்டு, தாமே புரிந்துகொண்டு, தாமே கையெழுத்திட வேண்டும். படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்கலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து, உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள் என்று கையொப்பமிட வேண்டும். மகன் கையெழுத்துப் போட்டால் செல்லாது.

உண்மையைக் கேட்டு உடைந்துபோன நோயாளிகளும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது வேறு. மகன் மிரண்டு நிற்க, அம்மா என் பக்கம் திரும்பி, ‘எனக்கு முன்பே தெரியும் மிஸ்ஸி. இவன்தான் பாவம்’ என்பார். பிறகு கேள்விகள் வரும், நல்ல கேள்விகள். மருத்துவமனைக்கு எத்தனை தடவை வர வேண்டும்? பேரன் திருமணத்துக்கு ஊருக்குப் போக முடியுமா? ரத்தத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள்? முதல் நாளில் மருந்து ஏறுவதற்கு முன்னால், ஏறிய அரை மணியில், ஒரு மணியில், பிறகு இரண்டு, நான்கு, ஆறு மணியில் என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்போம். மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அறிய அதுதான் வழி. அந்தக் குழாய்கள் சுழலும் இயந்திரத்தில் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில் உறையும் பெட்டிக்குள் போகின்றன என்று காட்டுவேன். பார்த்தவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

‘முடியாது’ என்று சொன்னவர்களும் உண்டு. கடைசி மாதங்களை ஊசியோடு கழிக்க விருப்பமில்லை என்று ஒரு பாட்டி மறுத்தார். முழுக்கத் தெரிந்துகொண்டு மறுத்தார். அதுவும் சரியான முடிவுதான். சேர்ந்த பிறகும், காரணம் சொல்லாமலேயே எந்த நாளும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். சோதனை மருந்துக்குப் பெரும்பாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்காது. ஆனால் வழக்கமான பரிசோதனைகளும் மருத்துவமனைத் தங்கலும் யார் கணக்கில், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், காப்பீடான மெடிஷீல்டு லைஃப் எதற்குப் பொருந்தும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைக்கக் கூடாது என்று நோயாளிகளிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. எங்கள் பக்கத்துக்கும் அதே கடமை உண்டு. லிம்ஃபோமாவுக்கு முதன்முதலாகக் கீமோ கொடுத்த கதை ரகசியத்தில் தொடங்கியது. 1942 ஆகஸ்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜே.டி. என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்டு செலுத்தினார்கள். நச்சு வாயு ஆராய்ச்சியிலிருந்து வந்த பொருள். போர்க்காலம் என்பதால் அவருடைய மருத்துவக் கோப்பில் மருந்தின் பெயரே இல்லை. ‘எக்ஸ்’ என்றுதான் இருந்தது. கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பின. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். முடிவுகள் 1946-இல்தான் வெளியே வந்தன. இன்று நாங்கள் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, பெண்டாமுஸ்டின் இரண்டும் அந்த மஸ்டர்டின் வழிவந்தவை. ஆனால் 1942-க்கும் 1946-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் மற்ற மருத்துவர்களுக்கு அந்த முடிவு தெரியாமலே போனது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். மூக்கில் தொடங்கும் என்கே/டி-செல் லிம்ஃபோமா மேலை நாடுகளில் அரிது, கிழக்காசியாவில் அதிகம். சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு அது புதிதன்று. ஆர்-சாப் குடும்பத்து மருந்துகள் அதில் எடுபடுவதில்லை. ஜப்பானியர் தலைமையிலான குழு ஸ்மைல் என்ற ஐந்து மருந்துக் கூட்டை உருவாக்கி, நோய் முற்றியவர்களிடமும் திரும்பியவர்களிடமும் சோதித்தது. இரண்டாம் கட்டச் சோதனையில் முதலில் சேர்ந்த இரண்டு பேரும் நோய்த்தொற்றால் இறந்துபோனார்கள். சோதனையாளர்கள் அதை விதி என்று விட்டுவிடவில்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் 500-க்குக் குறைவாக இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதிமுறையைத் திருத்தினார்கள். அதன் பிறகு அந்தச் சோதனையில் சிகிச்சையால் மரணம் நேரவில்லை. 2011-இல் வெளியான கட்டுரையில், 79 விழுக்காட்டினருக்கு நோய் சுருங்கியது என்ற செய்தியோடு அந்த இரு மரணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. மறு ஆண்டு, சிங்கப்பூர் மருத்துவர்களும் பங்கேற்ற ஆசியக் குழு, அதே கூட்டைப் பெற்ற 87 பேரின் விவரங்களை வெளியிட்டபோது, 81 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்ததையும் தொற்றால் ஐந்து பேர் இறந்ததையும் சேர்த்தே சொன்னது.

ரத்த அணுக்கள் போதவில்லை, உங்களைச் சேர்க்க முடியாது என்று நான் ஒரு குடும்பத்திடம் சொல்லும்போது அவர்களுக்குக் கோபம் வருகிறது. தேவைப்படுகிறவர்களையே ஒதுக்குகிறீர்களே என்று கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களிடம் ஸ்மைல் சோதனையின் அந்த முதல் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வேன். படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு நேர்ந்தது இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சோதனை முடிந்ததும் முடிவைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோயாளி இறந்துவிட்டிருந்தாலும் குடும்பத்தார் கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதில்லை, நாங்களாகச் சொல்வதும் குறைவு. அது மாற வேண்டும். பெரும்பாலான சோதனைகள் பொதுப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு பதிவாகியிருக்கும். அமெரிக்க அரசின் பதிவேட்டில் அது என்.சி.டி. என்ற எழுத்துகளில் தொடங்கி எட்டு இலக்கங்களில் முடியும். உங்கள் படிவத்தில் அந்த எண் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, படிவத்தின் மேல் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து எந்த அளவில் நின்றது, எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குக் கை மரத்தது எல்லாம், முடிவுகள் பதிவேறும்போது அந்த எண்ணின் கீழே கிடைக்கும்.